ரெகுலா ஷ்டவுப்பின் கல்வெட்டு

டாவோஸில் ஒரு ஹோட்டலின் பாத்திரம் கழுவும் அறைக்கு 2009 ஜூன் மாதம் ரெகுலா ஷ்டவுப் வந்து சேர்ந்தபோது, அவள் இறந்து நூற்று அறுபத்தொரு வருடங்கள் ஆகியிருந்தன. கழுவும் மெஷினின் மூடியைக் கனகரத்தினம் தூக்கினார். ஆவி கலையாமல் நாற்பத்துமூன்று நேர்கோடுகளாக எழுந்து நின்றது. அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அந்தக் கோடுகளை ஹார்ப் நரம்புகளைப் போல மீட்டினாள். இருபத்துநாலு வருடங்களாக அதே மெஷினில் நின்றவர் கனகரத்தினம். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகள் குவிந்து கிடந்ததால், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அவள் தேடி வந்ததும் அவரைத்தான். செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் வாசிக்கும் கல்வெட்டை, அதாவது வாழ்க்கை வரலாறும் புலம்பல் பாட்டும் சேர்ந்த சிறு புத்தகத்தை, சுவிஸில் பாதித் தமிழர்களுக்கு அவர்தான் எழுதிக்கொடுத்தார். அந்த வருடம் வன்னியிலிருந்து வந்த சாவுச் செய்திகளால் எழுதி முடியவில்லை. ஓய்வு நேரத்தில் பழைய மெனுத் தாள்களின் பின்புறத்தில் எழுதுவார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ரெகுலா, ஒரு நாள், தனக்கும் ஒன்று வேண்டுமென்று பழைய சுவிஸ் ஜெர்மனில் கேட்டாள்.

சோலோதுர்னில் 1811இல், ஆட்டுக்குடல் சுரண்டி நரம்பு திரிக்கும் ஒருவனுக்குப் பிறந்தாள். ஐந்து வயதில் குடல் கழுவினாள், ஏழு வயதில் அந்த நரம்பிலேயே வாசித்தாள், பதினாலு வயதில் வியன்னாவில் சீமாட்டிகளை அழவைத்தாள். பத்தொன்பதில் இசைக்குழு நடத்துநன் அன்தோன் ஃபேரைக் கட்டினாள். எட்டு மாத வயிற்றில் வாத்தியத்தைச் சாய்த்துக்கொண்டு பாரிஸிலும் லைப்சிக்கிலும் வாசித்தாள்; ஐந்து பெற்று மூன்றைப் புதைத்தாள். அவள் இயற்றிய அறுபத்திரண்டு இசைப் படைப்புகளும் அவன் பெயரில் அச்சாகின. ஹார்ப் வாசிக்க எட்டு விரல் வேண்டும். அவளுடைய பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போகப் போக விரல்கள் ஒவ்வொன்றாக அழிந்து, டாவோஸுக்கு வரும்போது ஆறே மிஞ்சியிருந்தன. அவையும் போனால் அவள் இல்லை.

கனகரத்தினம் ஏழு மாதம் எழுதினார். அவள் செத்த திகதிக்குத் திதி கணித்து, மாசி அபரபக்கத் தசமி என்று கண்டார். முந்நூறு பிரதிகள் அச்சாகி வந்தன. முகப்பில் விரல் வைத்து, இது என்ன எழுத்து என்று ரெகுலா கேட்டாள். அவர் வாசித்துக் காட்டினார்: அமரர் திருமதி அன்தோன் ஃபேர் ரெகுலா. கட்டின பெண்ணுக்குப் புருஷன் பெயரை முன்னால் போடுவதுதான் யாழ்ப்பாண வழக்கம். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. புத்தகத்தைப் பிடித்திருந்த அவள் கையில் இரண்டு விரல்கள் இல்லாமல் போயின.

ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் அவர் மனைவி சந்திரமதி, முகப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நான் செத்தாலும் உங்கட பேரைத்தான் முன்னுக்குப் போடுவியளோ?"

"அதுதானே முறை."

"முறையைக் கொண்டுபோய் உங்கட மெஷினுக்குள்ள போட்டுக் கழுவுங்கோ. அந்த மனிசிக்கு இன்னும் நாலு விரல்தான் கிடக்கு."

வேலைக்காரர் சாப்பிடும் மேசையில் இருவரும் கத்திரிக்கோலோடு உட்கார்ந்து, முந்நூறு முகப்புகளிலும் புருஷன் பெயரையும் திருமதியையும் வெட்டி எடுத்தார்கள். மிச்ச இடத்தில் சந்திரமதி தன் கையால் ஷ்டவுப் என்று எழுதினாள். மூன்று பின்னேரங்கள் பிடித்தன. கத்திரிக்கோல் பட்டு அவருக்குப் பெருவிரல் கொப்புளித்தது.

மாசித் திதியன்று லாங்கன்தாலில் மண்டபம் எடுத்தார்கள். கோத்திரம் என்னவென்று ஐயர் கேட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்லும் சிவகோத்திரமே சொல்லப்பட்டது. சோறு படைக்கும்போது கனகரத்தினத்தோடு பாத்திரம் கழுவும் யோகராஜா, "அண்ணை, கறிக்கு உறைப்பு கூடிப்போச்சு, மனிசி திரும்பி ஓடப்போகுது" என்றார். ஓரத்துக் கதிரையில் இருந்த ரெகுலா சிரித்த முகமாக இருந்தாள். பிறகு கனகரத்தினம் எழுந்து வாசித்தார். ஒவ்வொரு பாட்டும் ரெகுலா ஷ்டவுப் என்று முடிந்தது. அந்த வருடம் தங்கள் சொந்தங்களுக்கு அழுது முடிக்காத சனம், அந்த இடம் வரும்போதெல்லாம் சேர்ந்து சொல்லி அழுதது. போன விரல்கள் வரவில்லை. இருந்த நாலும் நின்றன.

அடுத்த நாள் காலை ஐரோப்பாவின் நூலகங்களில் இருந்த அறுபத்திரண்டு இசைப் புத்தகங்களின் முகப்பிலும் ஃபேர் இல்லை, ரெகுலா ஷ்டவுப் இருந்தாள். நூலகர்கள் பட்டியலைத் திருத்திவிட்டு ஒன்பது மணிக் கோப்பிக்குப் போனார்கள்.

2016இல் கனகரத்தினம் ஓய்வு பெற்றார். பாத்திரம் கழுவும் அந்த அறையில் இப்போது வேறு நாட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தலைமைச் சமையல்காரர் இடத்தைச் சுற்றிக் காட்டுவார்: கத்திகள் இடப்பக்கம், கரண்டிகள் வலப்பக்கம், வாளிமேல் இருப்பவர் ரெகுலா ஷ்டவுப்.