சின்னவள் சைக்கிள் ஏறிய ஞாயிறு

சின்னவளுக்குச் சந்தேகம் தட்டியது ஒரு சட்டைக் கையைப் பார்த்துத்தான். சலவைக் கடை நடத்துகிறவளுக்குக் கறை என்பது பழகின முகம் மாதிரி. பார்த்த மாத்திரத்தில் இது காபி, இது மை, இது குழந்தை கக்கிய பால் என்று சொல்லிவிடுவாள். ஆனால் புருஷனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், மணிக்கட்டுப் பக்கம் இருந்த ரோஜா நிறத் தீற்றல் பிடி கொடுக்கவில்லை. உதட்டுச்சாயம் என்றால் எண்ணெய்ப் பசை இருக்கும், லேசில் போகாது. இது வெறும் தண்ணீரிலேயே கரைந்து ஓடியது. உதட்டுச்சாயம் இல்லை என்று தெரிந்தும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. அப்படியானால் வேறு என்ன?

வசந்த காலம் தொடங்கியதிலிருந்து ஞாயிறு தவறாமல் காலைச் சாப்பாடு முடிந்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கேட்டால், "சும்மா ஒரு சுத்து. மிதிச்சா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்கிறார். முட்டிக்கு நல்லது செய்யப் போகிறவர் எதற்குத் தேய்த்த சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்? திரும்பும்போது எதற்கு விசிலடிக்க வேண்டும்? ஐம்பது வயதைத் தாண்டிய புருஷன் திடீரென்று விசிலடித்தால் எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்?

அந்த ஞாயிறு அவர் தெருமுனை தாண்டுவதற்குள் சின்னவள் மாடி வீட்டு டீச்சரிடம் போய் நின்றாள்.

"உங்க சைக்கிளக் கொஞ்சம் தாங்க."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமாக்கா? எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா ஒரு சுத்து" என்றாள் சின்னவள்.

பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதில்லை. முதலில் தெருவின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகத் தள்ளாடிக்கொண்டு போனாள். கடைசிப் பட்டறையைத் தாண்டியதும் ஊர் முடிந்து, இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. தூரத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. சாலை பிரிகிற இடத்தில் அது இடப்பக்கம் திரும்பியதும் அவளுக்குப் பகீரென்றது.

அது கோழிப்பண்ணைக்குப் போகிற பாதை. பண்ணை அவருடைய அண்ணனுடையது. அண்ணனைக் குடும்பத்தில் பெரியவர் என்பார்கள், அவர் மனைவியைப் பெரியவள் என்பார்கள்; தம்பியும் அவர் மனைவியும் சின்னவர், சின்னவள். மாமனார் கண்ணை மூடிய அன்று, கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி அந்தப் பெரியவள் சொன்னாள்: "சின்னவ கையில இருந்திருந்தா இன்னும் சீக்கிரமாவே போயிருப்பாரு." அன்றோடு போக்குவரத்து அறுந்தது. அந்த வாசலை நானும் மிதிக்க மாட்டேன், நீங்களும் மிதிக்கக் கூடாது என்று சின்னவள் சொன்னதற்கு, சின்னவர் தலையாட்டியதும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

'ஓகோ, தலையை அங்கே ஆட்டிவிட்டுக் காலை இங்கே வைத்திருக்கிறாரா!' ஆத்திரத்தில் அழுத்தி மிதித்தாள். பாதை சரிவாக இறங்குவதை அவள் கவனிக்கவில்லை. சக்கரம் தானாகவே ஓட ஆரம்பித்ததும் பதறிப்போய் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். நீளப் பாவாடையின் ஓரம் சங்கிலியில் மாட்டியது. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று வாய்க்காலுக்குள் போய் விழுந்தார்கள். நல்லவேளை, தண்ணீர் இல்லை. கணுக்கால் மட்டும் உள்ளுக்குள் ஏதோ முறிந்த மாதிரி சுள்ளென்று இழுத்தது.

"யாரு அங்க?"

தலைக்கு மேலே கேட்ட குரலை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லுவாள். தீவன வாளியோடு பெரியவள் கரையில் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயா? வாய்க்கால்ல என்ன பண்ற?"

"பாத்தா தெரியலையா? விழுந்து கெடக்கேன்."

பெரியவள் வாளியை வைத்துவிட்டு இறங்கினாள். கையைக் கொடுத்துத் தூக்கி, ஏறக்குறைய சுமந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் உட்காரவைத்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, ஈரத் துணியால் சுற்றினாள். அவள் கை அவ்வளவு பதமாக இருந்ததே சின்னவளுக்கு உறுத்தியது. இவ்வளவு அக்கறை எதற்கு? எதை மறைக்க? முற்றம் முழுக்கக் கண்ணை ஓட்டினாள். புருஷனின் சைக்கிள் எங்கும் இல்லை.

"அவர எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"எவர?"

"நடிக்காதீங்கக்கா. என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் திரும்பினத என் கண்ணால பாத்தேன்."

"உன் வீட்டுக்காரர் இந்த வாசல மிதிச்சு எத்தனையோ வருஷமாச்சு. என்னை வேவு பாக்கவா வந்த?" பெரியவளின் முகமும் கோணிவிட்டது. பிறகு ஏதோ தோன்றினாற்போல நிதானமாகக் கேட்டாள்: "ஆமா, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமையா போறாரு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சின்னவளின் பார்வை அதற்குள் குழாயடி வாளிக்குப் போயிருந்தது. அதில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. சட்டையைச் சுற்றித் தண்ணீர் ரோஜா நிறமாகக் கரைந்திருந்தது.

"அக்கா, அது யாரு சட்டை?"

"எங்க வீட்டுக்காரரோடதுதான். போன வாரம் போட்டது. ஞாயிறானா தீவனம் விசாரிக்கப் போறேன்னு கெளம்பிடறாரு. தீவனக் கடைக்கு ஞாயிறு லீவுன்னு எனக்குத் தெரியாதா? எவ வீட்டுக்குப் போயிட்டு வராரோன்னு நானும் தெனம் செத்துப் பொழைக்கிறேன்."

"என் வீட்டுக்காரர் சட்டையிலயும் இதே கலர்தான்க்கா."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சின்னவள் மட்டும் "அம்மா" என்று திரும்ப உட்கார்ந்தாள். பெரியவள் தன் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"பின்னாடி ஏறு. இறுக்கிப் பிடிச்சுக்க."

"எதைப் பிடிக்கிறது?"

"என் இடுப்பத்தான். வேற எதப் பிடிப்ப?"

பேசாமலிருந்த வருஷங்களையெல்லாம் நினைத்துக்கொண்டே சின்னவள் பிடித்தாள். சோளக்காட்டு ஓரமாகப் புதுச் சக்கரத் தடங்கள் இரண்டு ஒன்றாகப் போயிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டே போனார்கள். காடு முடிந்ததும் வற்றிய ஏரி வெட்டவெளியாகக் கிடந்தது. பெரியவள் காலை ஊன்றி நிறுத்தினாள்.

ஏரிக்கு நடுவில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். பெண் என்று எவளும் இல்லை. பெரியவர் இரண்டு கையாலும் நூல்கண்டைப் பிடித்திருந்தார். சின்னவர் நூலை விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு ரோஜா நிறக் காற்றாடி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. தரையில் பசைக் கிண்ணமும் வண்ணக் காகிதங்களும் கிடந்தன. ஈரப் பசை பட்டு அந்தக் காகிதத்தின் சாயம் இரண்டு பேர் கையிலும் ஒட்டியிருந்தது.

"இழுடா, இழுடா! விட்ற போற!" என்று பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். திரும்பியவர் அப்படியே வாயை மூடினார். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதுக்கா திருட்டுத்தனம்?" என்றாள் பெரியவள்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?" என்றார் பெரியவர். பெரியவள் காற்றாடியை அண்ணாந்து பார்த்தாள். சின்னவள் காலைப் பார்த்துக்கொண்டாள். சின்னவர் அப்போதுதான் அவள் காலில் சுற்றியிருந்த துணியைக் கவனித்து, நூலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். காற்றாடி அவர் பின்னால் தள்ளாடி விழுந்தது.

"கால்ல என்னாச்சு? யாரு தள்ளிவிட்டாங்க?"

"நீங்கதான்" என்றாள் சின்னவள். பிறகு, "இங்க ரெண்டு பேரும் எங்களப் பத்தி என்ன பேசிக்குவீங்க?" என்று கேட்டாள்.

"பேச ஏது நேரம்? கொஞ்சம் அசந்தா நூலு தொங்கிடும்."

ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை நம்ப இரண்டு பேருமே தயாராக இல்லை.

பண்ணைக்குத் திரும்பி, முட்டை ஏற்றும் பெரியவரின் வேனில் எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பில் மெல்லிய கீறல் என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"இப்ப வேண்டாம்க்கா. கால் வலிக்குது."

பெரியவள் நிறுத்திக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

அதற்கடுத்த வாரம் அவள் சலவைக் கடைக்கே வந்து, ஒரு கூடை முட்டையை மேசைமேல் வைத்தாள். "எலும்பு கூடட்டும்" என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்வதற்குள் போய்விட்டாள். சின்னவள் கூடையையே வெறித்துப் பார்த்தாள். எதற்குக் கொடுத்தாள்? விற்காமல் மிஞ்சியதா? தட்டுத் தடுமாறி எழுந்து, ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பார்த்தாள். கெட்டதாக இருந்தால் மிதக்க வேண்டும். அத்தனையும் கல் மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

அதுவும் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டை எடுத்து அடுப்பில் வேக வைத்தாள்.