பால் காய்ச்சிய வேன்

லோகேஸ்வரியின் வேனுக்கு அந்த வாரத்தோடு இன்சூரன்ஸ் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் ரோட்டேக்ஸ் என்னும் சாலை வரி கட்ட முடியாது, வண்டியை நகர்த்த முடியாது. மற்றவர்களுக்கு வண்டி நின்றால் பஸ் இருக்கிறது. லோகேஸ்வரி குடியிருப்பதே அதற்குள்தான்.

சுங்கை வே தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை, காலமெல்லாம் வாடகை வீடு. "மகனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்று வீட்டுக்காரர் வாயெடுத்தால் போதும், இவள் பெட்டியைக் கட்ட வேண்டும். கட்டிக் கட்டி அலுத்துப்போய், ஓய்வு பெற்ற கையோடு பழைய வேன் ஒன்றை வாங்கினாள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி உள்ளே ஏறிவிட்டாள். "பொம்பள ரோட்டுல குடியிருக்கிறதா?" என்று கிள்ளானில் அண்ணன் இராமலிங்கம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அடையாள அட்டையான ஐசியில் மட்டும் அவர் வீட்டு முகவரி.

உள்ளே இவ்வளவு மாற்றம் செய்த வண்டியை நேரில் பார்க்காமல் புதுப்பிக்க முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லிவிட்டது. ஏஜெண்ட் லியோனல், அவளுடைய தொழிற்சாலைத் தோழி உர்சுலாவின் மகன், முன்னதாகவே வந்து பாடம் நடத்தினான்.

"ஆன்டி, லீவுக்குத்தான் வேனை எடுப்பேன், தங்குறது கிள்ளான்ல அண்ணன் வீட்லன்னு சொல்லுங்க. இதுலயே இருக்கேன்னு சொன்னா ரினியூ ஆகாது லா."

"சரிப்பா, அப்படியே சொல்றேன்" என்றாள். சொல்லத்தான் நினைத்தாள், பாவம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கார் நிறுத்துமிடத்துக்குக் கமலநாதன் வந்தார். கம்பெனி அதிகாரி, அதிகம் பேசாத மனிதர். மளமளவென்று ஏறி, கட்டிலைத் தட்டிப் பார்த்தார், கேஸ் குழாயைத் தடவிப் பார்த்தார். அடுப்பு பொருத்தியபோது எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார்.

லோகேஸ்வரி பெருமையாகக் கைப்பேசியை நீட்டினாள். அங்கேதான் வந்தது வினை. படத்தில் கதவுக்கு மாவிலைத் தோரணம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். உள்ளே புது அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, பக்கத்தில் பட்டுப்புடவையில் இவள். வண்டிப் பூசையா, புதுமனைப் பூசையா என்று ஐயர் குழம்பியதற்கு, "ரெண்டையும் செஞ்சிடுங்க சாமி" என்றவள் ஆயிற்றே!

கமலநாதன் நிமிர்ந்தார். "இது வண்டிப் பூசையா, ஆன்டி?"

"ஆமா boss, எலுமிச்சம்பழம் தெரியுது பாருங்க!" என்று லியோனல் முந்திக்கொண்டான்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். லோகேஸ்வரிக்கு வாய் வரவில்லை. அவள் வாழ்நாளில் தன் பெயரில் காய்ச்சிய ஒரே பால் அது. அதை இல்லையென்று சொன்னால் தனக்கு வீடே இல்லையென்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. இன்னொருவர் சொல்லிக் காலி செய்தது போதாதா, இப்போது தானே வேறு சொல்ல வேண்டுமா? அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இல்ல சார். வீட்டுக்குத்தான் பால் காய்ச்சினேன். அண்ணன் வீட்டுக்குக் கடிதாசி வரும், நான் இருக்கிறது இங்க. இதான் என் வீடு."

லியோனல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அப்போ சாதா வேன்னு ரினியூ பண்ண முடியாது" என்றார் கமலநாதன். "குடியிருக்கிற வண்டின்னு பதிவை மாத்தணும், இன்ஸ்பெக்‌ஷன் போகணும். அப்புறம்தான் இன்சூரன்ஸ். அதுவரைக்கும் ஓட்டக்கூடாது, ஆன்டி."

"நிக்கட்டும் சார். வீடுன்னா ஓரிடத்துல நிக்கிறதுதானே. ஆனா பேப்பர்ல வீடுன்னே எழுதுங்க."

கமலநாதன் எழுதினார். எழுதி முடித்துத் தன் காலைப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மறுபடி ஏறினார்.

"மன்னிச்சிருங்க ஆன்டி" என்றார்.

லோகேஸ்வரி தலை நிமிர்ந்து, "உட்காருங்க, தேத்தண்ணி ஆத்துறேன்" என்று அடுப்பைப் பற்ற வைத்தாள்.