விழுந்த மரம் வடிவுக்கு

சரஸ்வதி பூசையன்று காலையில் வடிவு தன் புருசனோடு ஒரு கிண்ணம் சந்தனத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்; காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே இருப்பது பேருக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து ஆயுசு நூறு என்று வாழ்த்தலாம். அதனால் ஒட்டுக்கேட்க வேண்டிய சிரமமே எனக்கு இருந்ததில்லை. மரம் வெட்டும் மெசினைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, அதன் நீளமான பாருக்குச் சந்தனப் பட்டை இழுத்து, அதைச் சுற்றி ஓடும் செயினிலும் வழித்துப் பூசிக்கொண்டிருந்தார் இராமையா அண்ணன். பாருக்குப் பொட்டு வைத்தால் போதும், செயினில் பூசினால் ஒயில் வரும் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்பது வடிவின் கட்சி. வருசத்துக்கு ஒரு நாள் வரும் சாமி காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பது அவர் கட்சி. கடைசியில் சாமி கட்சி ஜெயித்தது.

சண்முகவடிவு என்று முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுவது காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் பதியும்போது மட்டும்தான். எங்களோடு கொழுந்து எடுப்பவள். இராமையா அண்ணன் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொந்தராத்துக்கு மரம் வெட்டுகிறவர். லீவு நாட்களில் இவளும் கூடப் போவாள். நிற்கிற மரத்தைச் சாய்ப்பது அவர் வேலை. சாய்ந்ததைக் கிளை கழித்துத் துண்டு போடுவது இவள் வேலை. மெசினின் ஊழியம் முழுக்க இவளுடையது. பின்னேரம் வாசல் பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, மெசினை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே அளவாக அரம் போடுவாள். எயார் பில்டரைக் கழற்றித் தட்டுவாள். பெற்றோலில் ஒயில் கலக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. மற்றப் பெண்கள் காதுத் தோட்டைப் பற்றியும் சங்கிலியைப் பற்றியும் பேசினால், இவளுக்குத் தெரிந்த சங்கிலி ஒன்றே ஒன்றுதான். "எங்க மெசினு தூள் கக்காது, சீவல்தான் கக்கும்" என்பாள். செயினின் பல் மழுங்கினால்தான் தூள் வரும். தற்பெருமை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அதைத் தாங்குகிற அளவுக்குக் கையில் வேலை இருந்தது.

பூசை வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தையல் மெசின் எல்லாவற்றுக்கும் அன்று லீவு. மரம் வெட்டுகிறவர்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மரத்தைக் காக்கிற மாடசாமிக்கு ஒரு கிளாஸ் சாராயம் வைத்து, அதை மெசின்காரர் பிரசாதமாகக் குடிக்க வேண்டும். இராமையா அண்ணன் மற்ற நாட்களில் குடிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் பக்தி ஒரு கிளாஸோடு நிற்காது.

பகல் சாப்பாடு முடிந்த நேரத்தில் காற்றும் மழையும் பிடித்தன. முதலில் கூரைத் தகரம் படபடத்தது. பிறகு லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் நின்ற டர்ப்பன்டைன் மரம் வேரோடு பெயர்ந்து, கடைசிக் காம்பராவின் கூரைமேல் விழுந்தது. நான் வெளியே ஓடிவந்தபோது அடிமரம் மேட்டிலும், நடுமரம் கூரையிலும், கொப்பும் கிளையும் வாசல் பக்கம் மார்பளவு உயரத்தில் அந்தரத்திலும் தொங்கிக்கொண்டிருந்தன. அது தனுஜாவின் காம்பரா. புருசன் கொழும்பில் கடையில் நிற்கிறான், இவள் தனியாக இருப்பவள். ஜன்னலால் எட்டிப் பார்த்தோம். கூரையைத் தாங்கிய குறுக்குக்கட்டை முறிந்து இறங்கி, அவள் காலைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தது. காற்று ஒவ்வொரு தரம் கிளையை ஆட்டும்போதும் அந்தப் பாரம் கட்டையில் இறங்கியது, அவள் பல்லைக் கடித்தாள்.

ஆம்பிளைகள் நாலு பேர் கோடாலியோடு பாய்ந்தார்கள். ஒரு கொத்து விழுந்ததுமே மரம் முழுக்க அதிர்ந்தது, உள்ளே தனுஜா அலறினாள். கோடாலி அப்படியே நின்றுவிட்டது. டவுனுக்குப் போன் போட்டால், பாதையிலும் மரம் விழுந்து கிடக்கிறது, வாகனம் வரச் சுணங்கும் என்றார்கள். எல்லார் கண்ணும் இராமையா அண்ணனின் வீட்டுப் பக்கம் திரும்பியது.

அவர் சாமிக்கு முன்னால் இருந்த மெசினைத் தூக்கக் குனிந்தார். அதற்குள் வடிவு அதை எடுத்துவிட்டாள். கோயில் பூசாரி மாயாண்டி வாசலில் நின்று, விடியாமல் ஆயுதத்தைத் தொட்டால் லயத்துக்கே ஆகாது, அதுவும் ஒரு பொம்பளை தொடுவதாவது என்று தடுத்தார். வடிவு அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாமி கோவிச்சுக்கிட்டா காலையில சமாதானம் பேசிக்கலாங்க. தனுஜா காலு விடியிற வரைக்கும் தாங்காது."

இராமையா அண்ணன் கையை நீட்டினார். நேராகத்தான் நின்றார், வாடைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

"குடுன்னு கேக்காதீங்க. குடிச்ச கையால மெசினத் தொடக்கூடாதுன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான். நிக்கிற மரம்னா உங்களுது. இது விழுந்த மரம், என்னோடது."

ஒரு ஆம்பிளைக்கு லயமே பார்த்திருக்க இதைக் கேட்பது லேசான காரியமா? அவர் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். பிறகு சுவரில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் வைத்து, நாடிக்குக் கீழே வாரை இறுக்கிவிட்டார். வாசலுக்குப் போய், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைத் தூரத்துக்குத் தள்ளத் தொடங்கினார்.

அடுத்து வடிவு செய்ததுதான் எல்லாரையும் கொதிக்க வைத்தது. ஓடிப்போய் வெட்டுவாள் என்று பார்த்தால், இஸ்தோப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்து மெசினைக் கழற்றினாள். அங்கே ஒரு உயிர் துடிக்கிறது, இவளுக்கு இப்போதா சோடனை என்று ஒருத்தர் கத்தினார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சாரல் படாமல் குடை பிடித்தேன். பாரை எடுத்துக் காட்டினாள். ஒயில் வரும் ஓட்டையில் சந்தனம் களியாக அடைத்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் செயின் காய்ந்து சூடேறி, பாதியில் அறுந்து முகத்தில் அடித்திருக்கும். சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்திவிட்டாள். செயின் ஓடும் பள்ளத்தை நுனியிலிருந்து அடி வரைக்கும் வழித்தாள். செயினை மாட்டி, விரலால் இழுத்துப் பார்த்து, திரும்ப ஒரு திருகு இறுக்கினாள். தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். மெசின் பிடித்ததும் பிரேக்கை விட்டு, பார் நுனியை ஒரு வெள்ளை உரப்பைக்கு நேரே காட்டினாள். பையில் ஒயில் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. அதைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

மரத்துக்குப் பக்கத்தில் போனவள் வெட்டாமல் பின்மேட்டைப் பார்த்தாள். வேர் பெயர்ந்த குழியைச் சுற்றி ஆள் நின்றது. மெசினை அணைத்துவிட்டு, அங்கே ஒரு ஈ, காக்கை இருக்கக்கூடாது, இந்தப் பக்கம் பாரம் குறைந்தால் வேர் திரும்பக் குழிக்குள் உட்காரும், நிற்கிறவனையும் சேர்த்துப் புதைக்கும் என்றாள். இராமையா அண்ணன் தலையை ஆட்டினார். அத்தனை பேரையும் இறக்கினார்.

நுனியிலிருந்து தொடங்கினாள். தொங்குகிற கிளையை எடுத்த எடுப்பில் மேலால் வெட்டினால் கிழிந்து எகிறும். அவள் ஒவ்வொன்றையும் முதலில் அடியிலிருந்து கொஞ்சம் வெட்டினாள், பிறகு மேலே வந்து முடித்தாள். துண்டுகள் அலுங்காமல் விழுந்தன. ஒரு துண்டு விழுந்ததும் நிறுத்தி, மரத்தையே பார்ப்பாள். மழை ஹெல்மெட்டில் வழிந்தது. பெரிய கவட்டைக் கொப்பை வெட்டும்போது காற்று அடித்து, மரம் அவள் பக்கம் ஒரு அசைவு அசைந்தது. அவள் பாரை வெளியே எடுத்து, பின்னால் இரண்டு எட்டு வைத்து, அசைவு அடங்கும் வரை நின்றாள். கொஞ்சம் முன்பு அவசரப்படுத்தியவர்களும் தங்கள் பங்குக்கு இரண்டு எட்டு பின்னால் வைத்தார்கள். எனக்குப் பயம்தான். அந்தப் பயத்துக்குள்ளேயே, இவள் எங்கள் லயத்துக்காரி என்ற கர்வமும் ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசிக் கொப்பு விழுந்தபோது பின்மேட்டில் மண் முனகியது. வேர் தன் குழிக்குள் மெல்ல உட்கார, கூரைமேல் கிடந்த நடுமரம் ஒரு சாண் எழும்பியது. அதோடு கட்டையில் இருந்த பாரமும் விட்டது. மெசினை அணைத்துவிட்டு, முட்டுக் கொடுங்க என்று வடிவு சொல்வதற்குள் இராமையா அண்ணன் ஒரு குத்துக்கம்பை மரத்துக்குக் கீழே நட்டிருந்தார். ஆட்கள் உள்ளே போய்க் கட்டையைத் தூக்கி, தனுஜாவை வெளியே கொண்டுவந்தார்கள். கால் வீங்கியிருந்தது, ஆனால் விரலை அசைத்தாள். "வடிவக்கா எங்க?" என்று கேட்டாள். வடிவு தூரத்தில் திரும்பி நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் முதுகைத் தடவிவிட்டேன். வாயைக் கழுவியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பாத்தியா, எல்லாம் சீவலாத்தான் விழுந்துச்சு" என்பதுதான்.

மறுநாள் காலையில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்தார். துண்டுகளின் வெட்டுமுகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இராமையா நல்லா வெட்டியிருக்கான் என்றார். இராமையா அண்ணன் சும்மா இருந்திருந்தால் அந்தப் பேர் அவருக்கே போயிருக்கும்.

"நான் இல்லீங்க ஐயா. நான் குடிவெறியில நின்னேன். எங்க வீட்டுக்காரி வெட்டுனது."

கண்டாக்கையா வடிவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேட்டைக் காட்டினார். விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று, மண் கரைந்து, லயத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அடுத்த காற்றுக்கு முன்னால் அதையும் இறக்க வேண்டும். அது நிற்கிற மரம். இராமையா அண்ணனுக்கு வெறியும் தெளிந்திருந்தது. அவர் மேலே ஏறி மரத்தைச் சுற்றி வந்து, சாய்வைப் பார்த்து, ஒரு நிமிசம் பட்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வடிவு, நீயே வெட்டு. கயிறு கட்டி நான் இழுத்துப் பிடிக்கிறேன்."

வடிவு மேட்டில் ஏறி, தானும் மரத்தைச் சுற்றி வந்து, லயத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்த பில்லுக்காட்டைக் காட்டினாள். அவர் ஆமாம் என்றார். லயத்து ஆட்களை எல்லாம் கோயில் பக்கம் அனுப்பினார்கள். நான் போகவில்லை, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலேயே நின்றேன்.

மரம் சரியத் தொடங்கியதும் வெட்டுகிற ஆள் பின்னால் சாய்வாக விலகி ஓட வேண்டும். அந்த வழியில் ஒரு செடி, ஒரு கல் காலைத் தடுக்கக்கூடாது. வெட்டுக்கு முன்னால் அதைச் சீராக்குவது கையாளின் வேலை. வடிவு மரத்தடியில் உட்கார்ந்து செயினை இழுத்துப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், கத்தியோடு குனிந்து, பற்றைகளை அடியோடு வெட்டி, கல்லைப் பொறுக்கித் தூர எறிந்து, கீழே கிடந்த சுள்ளியைக்கூட விடாமல் எடுத்து, அவள் ஓட வேண்டிய வழியை இராமையா அண்ணன் திறந்துகொண்டே போனார்.