துணிக்கு அடியில் ஒரு குட்மார்னிங்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குத்துக்கல்வலசைக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பக்கத்தில்தான் குற்றாலம். மேகம் மலையில் இறங்கி நிற்பது மாடியிலிருந்தே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி காலை ஒன்பது மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும் என்றால் அது எவ்வளவு பெரிய கொடுமை என்பது அனுசியாவுக்குத்தான் தெரியும்.

அவள் சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கணவன் முத்துராமலிங்கம் ராணுவத்தில், எல்லையில். வீட்டில் மாமனார் நம்பிராஜனும் மாமியார் வள்ளித்தாயும். நம்பிராஜன் போலீசில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டையர் ஆனவர். வேலையை விட்டு வந்துவிட்டாரே தவிர விசாரணையை விடவில்லை. பால்காரர் ஒரு நாள் பிந்தி வந்தால்கூட எங்கே, யாரோடு, எதற்கு என்று கேட்காமல் பாத்திரத்தை நீட்ட மாட்டார்.

அனுசியாவின் மேனேஜர் பிரின்ஸ் வேறு மாதிரி. ஒன்பது மணி மீட்டிங்கில் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். ஓரத்தில் வரிசையாகத் தெரியும் பெயர்களை மட்டும் பார்ப்பார். பெயர் இருந்தால் ஆள் இருக்கிறது என்று கணக்கு. கொஞ்ச நேரம் அவர் மட்டும் பேசுவார். மற்றவர்கள் கேமராவையும் மைக்கையும் மூடிவைத்துக்கொண்டு பல் தேய்ப்பார்கள், தோசை சுடுவார்கள்.

இதைக் கேட்டதும் பக்கத்துத் தெரு மிஸ்ரியாதான் யோசனை சொன்னாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது.

"உன் பேரு அங்கன இருந்தாப் போதும்லா? பேரை அனுப்பிட்டு நீ அருவிக்கு வா."

லேப்டாப்பை ராத்திரி முழுக்க ஆன் பண்ணி வைக்க வழியில்லை. வெளிச்சம் எங்கே எரிந்தாலும் மாமனார் தேடிப் பிடித்து அணைத்துவிடுவார். ஆகவே அதைத் தூங்க வைப்பது, ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் அதுவே எழுந்து மீட்டிங்குக்குள் போகும்படி நேரம் குறித்து வைப்பது என்று அனுசியா முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சோதனை நடந்தது. ஸ்லீப்பில் போட்டாள். ஓரத்தில் சின்ன விளக்கு மூச்சு விடுவதுபோல மின்னியது. குறித்த நேரம் வந்தது, போனது. அது அசையவில்லை. செட்டிங்கைக் குடைந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குத் தூங்க அனுமதி இருந்தது, தானாக எழுந்திருக்க அனுமதி இல்லை. அதைக் கொடுத்தாள். எழுந்ததும் பாஸ்வேர்டு கேட்பதையும் எடுத்துவிட்டாள். மறுபடி தூங்க வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இந்தத் தடவை திரை தானாக ஒளிர்ந்து, ஃபேன் முனகி, மீட்டிங் பக்கம் வந்து நின்றது. எழுப்பாமலே எழுந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளையைப் பார்த்ததுபோல அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் சாப்பாட்டு மேஜை ஓரம்தான். லேப்டாப்பை அங்கே திறந்தபடி வைத்து, வெளிச்சம் தெரியாமல் ஒரு பூந்துண்டைப் போட்டு மூடினாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மெயின் அருவியில் திகட்டத் திகட்டக் குளித்துவிட்டு, மீட்டிங் முடியும் நேரத்துக்கு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். அவள் குளிக்கப் போவது வீட்டுக்குத் தெரியும், மீட்டிங் ஆபீசுக்குத் தெரியும்; இரண்டும் ஒரே நேரம் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் முத்துராமலிங்கம் வீடியோவில் வந்தான். அவன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று அனுசியா லேப்டாப்பின் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். பேசி முடித்த சந்தோஷத்தில் அதைக் குறைக்க மறந்துபோனாள்.

வியாழக்கிழமை காலை அருவியில் தண்ணீர் திடீரென்று கூடியது. போலீஸ் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றியது. கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்ததில் வேன்களுக்கு நடுவே மிஸ்ரியாவின் ஸ்கூட்டர் நகர முடியாமல் நின்றது. இனி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்ததும் அனுசியா பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனை அப்படியே கையில் எடுத்தாள். வீட்டில் அது சொன்னபடி எழுந்ததா என்று பார்த்துவிட்டால் நிம்மதி. போன் வழியாக அவளும் மீட்டிங்குக்குள் போனாள்.

திரை முழுக்க ஒரு மீசை தெரிந்தது.

நடந்ததை அத்தை வள்ளித்தாய் பிறகுதான் சொன்னாள். வழக்கமாக வெளி வராந்தாவில் பேப்பர் படிக்கிற நம்பிராஜன், சாரல் உள்ளே அடித்ததால் அன்று சாப்பாட்டு மேஜைக்கு வந்திருக்கிறார். பேப்பரை விரித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்த துண்டு பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்ந்தது. அதற்கு அடியிலிருந்து ஒரு ஆண் குரல், "குட்மார்னிங், எல்லாரும் வந்தாச்சா?" என்று அதட்டியது. சர்வீசில் எத்தனையோ துணியை விலக்கிப் பார்த்த கை அவருடையது. ஆனால் எந்தத் துணிக்கு அடியிலிருந்தும் இதுவரை யாரும் குட்மார்னிங் சொன்னதில்லை. விலக்கினார். கோடு போட்ட மைக் படமும் கோடு போட்ட கேமரா படமும் தெரிந்தன. கோட்டை அமுக்கினால் அணைந்துவிடும் என்று நினைத்து இரண்டையும் அமுக்கினார். இரண்டும் திறந்துகொண்டன.

வீடியோவில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருந்தார். ஆளில்லாத கம்ப்யூட்டர் தானாகத் திறந்து, உள்ளே முகம் காட்டாமல் ஒரு கூட்டம் இருந்தால் வேறு என்ன நினைப்பார். "வள்ளி, சட்டையை எடு" என்றார். பனியனுக்கு மேல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அனுசியா நுழைந்தது இந்த இடத்தில்தான்.

"எவனும் கட் பண்ணிட்டுப் போவப்பிடாது" என்று மீசை சொன்னது. "அப்படி அப்படியே இருங்க. இப்ப பேசுனது யாரு?"

"நான்தான் சார், பிரின்ஸ். நீங்க யாரு?"

"கேள்வி நான் கேப்பேன். அப்பா பேரு?"

"எபனேசர்."

"இப்ப எங்கன இருக்கீரு?"

"வீட்லதான் சார்."

"வீட்டுக்குள்ள பஸ் ஹாரன் கேக்கு?"

கண்ணாடி ஏறும் சத்தம் கேட்டது, ஹாரன் அடங்கியது. "கார்ல இருக்கேன் சார். பொண்ணை ஸ்கூல்ல விட வந்தேன்."

"அப்ப முதல்ல சொன்னது பொய்."

"ஆமா சார்."

அனுசியா மாமனாரின் போனுக்கு அடித்தாள். திரையில் அவர் போனை எடுத்து, பெயரைப் பார்த்து, "விசாரணை நடக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கட் பண்ணுவது தெளிவாகத் தெரிந்தது.

"அடுத்து, ஞானசம்பந்தம்னு ஒரு பேரு இருக்கு. அவரு பேசட்டும்."

மைக் திறந்ததும் பின்னால் யாரோ விலை கூவும் சத்தம் வந்தது.

"புளியங்குடி எலுமிச்சங்கா மார்க்கெட்லா இது?"

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"அங்கன டூட்டி பார்த்தவன் நான். நீரு அங்கன என்ன பண்ணுதீரு?"

"அப்பாவுக்குக் கமிஷன் கடை சார். காலையில கொஞ்சம் கூடமாட நிப்பேன்."

"சரி, உக்காரும்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதுவரை அவன் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பிரின்ஸ் கொஞ்சம் தைரியம் கூட்டிக்கொண்டு, "சார், இது அனுசியாவோட அக்கவுண்ட். அவங்க எங்க?" என்றார்.

"அவ குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கா."

அருவியில் நனைந்ததைவிட அந்த ஒரு வரியில்தான் அனுசியாவுக்கு அதிகமாகக் குளிரெடுத்தது. மிஸ்ரியா ஸ்கூட்டர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி ஆச்சு?" என்றாள். அனுசியா மைக்கைத் திறந்தாள்.

"மாமா, நான்தான்."

வேன்களின் சத்தத்தில் அவள் குரல் அவருக்கே பிடிபடவில்லை. நம்பிராஜன் திரையில் மூக்கு படும்படி குனிந்தார்.

"இந்தா பாரு. என் மருமவ பேருல ஒருத்தி உள்ள வந்திருக்கா. ஆள் மாறாட்டம். ஏட்டி, மூஞ்சியைக் காட்டு."

கேமராவைத் திறந்தாள். தலையில் கட்டிய துண்டும் மழைத்துளி விழுந்த கவரும் சேர்ந்து அவளை வேறு யாரோவாக ஆக்கிவிட்டிருந்தன.

"மூஞ்சி சரியாத் தெரியல. நீ என் மருமவன்னா ஒண்ணு கேக்கேன், சொல்லு. நேத்து ராத்திரி எங்க வீட்ல என்ன சாப்பாடு?"

"கோதுமை உப்புமா மாமா."

"அது எல்லா வீட்லயும் இருக்கும். வேற ஏதாவது சொல்லு."

அனுசியாவுக்கு வேறு வழி தோன்றவில்லை. "நீங்க பாதியைத் தின்னுட்டு மீதியைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பூனைக்குப் போட்டீய. அத்தை கேட்டதுக்கு, நல்லா இருந்துச்சுன்னு சொன்னீய."

நம்பிராஜன் நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் வள்ளித்தாய் நிற்பது அப்போதுதான் படத்தில் தெரிந்தது. அவள் ஒன்றும் கத்தவில்லை. "பூனைக்கா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நொடி ஒரு பெரிய உள்ளங்கை வந்து திரையை மடக்கி மூடியது. லேப்டாப் மறுபடி தூங்கிவிட்டது.

மீட்டிங்கில் யாரோ சிரித்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பிரின்ஸ், "சரி, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை போய்விட்டது என்றே அனுசியா நினைத்தாள். வீட்டுக்கு வந்து உடை மாற்றி, உள்ளது உள்ளபடி எழுதி மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். தானாக எழும் ஏற்பாட்டை எடுத்துப்போட்டாள். பகல் முழுக்கப் பதில் இல்லை. மாமனார் அவள் பக்கமே வரவில்லை. அவருக்கு அவருடைய பிரச்சினை. அடுப்படியில் மத்தியானமும் கோதுமை உப்புமாதான் வெந்தது.

சாயங்காலம் பிரின்ஸ் போன் செய்தார்.

"உங்களை என்ன பண்றதுன்னு யோசிச்சேன். ஆனா நானும் கார்ல இருந்தது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. சீசன் முடியற வரைக்கும் மீட்டிங் பத்து மணிக்கு. கேமரா எல்லாரும் ஆன் பண்ணணும், நானும்தான்."

"தேங்க்ஸ் சார். இனிமே இப்படி நடக்காது."

"இன்னொண்ணு. உங்க மாமா எங்களைச் சந்தேகப்பட்டதா எழுதியிருந்தீங்களே, போன வாரம் எங்க மாமியாருக்கு அந்த மாதிரி டிஜிட்டல் அரெஸ்ட் கால் ஒண்ணு நிஜமாவே வந்துச்சு. அவங்க பயந்து அரை நாள் அசையாம உக்காந்திருந்தாங்க. உங்க மாமா நாளைக்கு எங்க டீமுக்கு அதைப் பத்திக் கொஞ்சம் பேசுவாரா?"

அனுசியா போய்ச் சொன்னதும் நம்பிராஜன் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு நாளைக்கு இஸ்திரி போட்ட சட்டை இருக்கிறதா என்று அத்தையைக் கேட்டார். காலையிலிருந்து இருவருக்கும் நடந்த முதல் பேச்சு அது. அத்தை உர்ரென்ற முகத்தோடே சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் பதினோரு மணி தாண்டியும் பேசினார். முன்பின் தெரியாதவன் மிரட்டினால் எப்படி எதிர்க்கேள்வி கேட்பது என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கினார். ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை. போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. முடித்ததும் லேப்டாப்பை அனுசியா பக்கம் தள்ளினார்.

"அந்தப் பிரின்ஸ் பையன் மாமியார் நம்பரை வாங்கு" என்றார். "வந்த கால்ல அவன் என்ன சொன்னான், இவிய என்ன சொன்னாவன்னு முழுசா விசாரிக்கணும். அரை நாள் உக்காந்திருந்தாவன்னா ஏதோ ஒண்ணை மறைக்காவ."