மட்டை பழகும் சத்தம்

“கயித்த அவுக்காதிய மச்சான். மேல தூக்கிக் கட்டுங்க.”

அடுப்பங்கரை ஜன்னலுக்குள்ளிருந்து நூருன்னிசா போட்ட அதட்டலில், புறவாசலில் ஸ்டூல் மேல் நின்றிருந்த அவள் புருசனின் அண்ணன் மைதீன் பிச்சை தடுமாறித்தான் போனார். தம்பி துல்கர்னைன் செத்து மய்யித்தாகி வீட்டுக்குள் கிடக்கிறான். குளிப்பாட்டப் பெஞ்சு போடவேண்டிய இடத்தில், தகரக் கொட்டகைக் கம்பியிலிருந்து ஒரு பந்து தொங்குகிறது. அதை அறுத்து எறிய வந்தவரிடம் இந்தப் பேச்சு.

“இன்னைக்குமா இந்தக் கூத்து?”

“இன்னைக்கும்தான்.”

முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டி மேலே முடிந்தார். துல்கர்னைனை அந்தப் பந்துக்குக் கீழேதான் குளிப்பாட்டினார்கள். தகரத்தில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது.

பந்தைக் கட்டியவரும் துல்கர்னைன்தான். அரபுநாட்டில், தம்மாமில் கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரன் ஊருக்குப் போகும்போது கொடுத்த சாஃப்ட்பால் மட்டை ஒன்று. மரமில்லை, அலுமினியமில்லை, கார்பன் நாரைப் பசையில் இறுக்கிச் செய்தது. பழைய மாடல், ஆனால் உறை பிரிக்காதது. மகள் சஃப்ரின் காலேஜில் சாஃப்ட்பால் ஆடுகிறாள் என்று, பெட்டியில் முதல் சாமானாக அதைத்தான் வைத்துக் கொண்டுவந்தார். வந்த பிறகல்லவா தெரிந்தது, மட்டை சுத்த ஊமை! பிள்ளை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து பக்கத்திலேயே சோர்ந்து விழுந்தது.

“நாரு இறுகிக் கெடக்கு நூரு. மெதுவா அடிச்சு, கொஞ்சம் திருப்பி, மறுபடி அடிச்சு, சுத்திச் சுத்தி இளக்கணும். இப்ப வாற மட்டையெல்லாம் சட்டுனு பழகிரும், சட்டுனு விரிசல் விட்டு விண்டும் போயிரும். இது பழைய கெட்டி. பழக நாளாகும். பழகிட்டா வருசக்கணக்கா நிக்கும்” என்றார்.

நெஞ்சு பலகீனம், ஓய்வாக இருக்கணும் என்று டாக்டர் சொல்லியனுப்பிய மனுசன். கேட்டால்தானே! சாயந்தரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு அடி. டப். மூச்சு வாங்கும். மட்டையைக் கையில் லேசாகத் திருப்புவார். மறுபடி டப். சாரல் பட்டுவிடக்கூடாது என்று துண்டால் துடைத்துத் துடைத்து வைப்பார்.

“நாசமாப் போற மட்டை. உங்க மூச்சையெல்லாம் அதுக்குள்ளயா ஊதுதிய?” என்று நூருன்னிசா தினமும் ஏசினாள். ஏசிக்கொண்டே மீன் அறுத்தாள், ஏசிக்கொண்டே தேங்காய் துருவினாள். டப் என்று கிடந்த சத்தம் டொங் என்று திறந்துகொண்டது முதலில் அவள் காதில்தான் பட்டது. மட்டை பழகிவிட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வார் என்று ஒரு வீம்பு. இப்போது தோன்றுகிறது, சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நேற்று சாயந்தரம் சத்தம் நின்றது. களைத்து உட்கார்ந்திருப்பார் என்று டீயை ஆற்றிக்கொண்டே போனாள். உட்கார்ந்துதான் இருந்தார், தூணில் சாய்ந்து, துண்டில் சுற்றிய மட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. மையவாடியிலிருந்து திரும்பிய மைதீன் பிச்சை, நடு அறைத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினார். இந்தப் பக்கம் நூருன்னிசா வெள்ளைச் சேலையில் பாயில் இருந்தாள். பக்கத்து வீட்டு ஹைருன் பீவி கூட இருந்தாள். சஃப்ரின் அழுது ஓய்ந்து, உள்ளே அவள் அத்தா துல்கர்னைனின் கட்டிலில் கண்ணசந்திருந்தாள்.

“சனிக்கிழமை மதுரையில டீமுக்கு செலக்‌ஷன்னு பிள்ளை சொல்லுச்சு. அதெல்லாம் இனி வேண்டாம். அந்த மட்டைதான் என் தம்பியக் கொண்டுபோச்சு. அதுவும் விண்டுதான் கெடக்கு, வரி ஓடியிருக்கு. பழைய சாமான் கடையில போட்டுருதேன்.”

“அவுக சொல்லுறதும் சரிதான் நூரு” என்று ஹைருன் பீவி மெல்ல இழுத்தாள்.

நூருன்னிசா எழுந்துவிட்டாள்.

“மட்டை அங்கனயே இருக்கட்டும் மச்சான். படுத்துக் கெடந்து போகவேண்டியவுக, மகளுக்குன்னு நின்னு அடிச்சுட்டுப் போனாக. அதுக்கு மட்டை மேல பழி போடாதிய. அத ஏசணும்னா நான் ஏசுவேன், எனக்குப் பாத்தியதை இருக்கு. வேற ஒருத்தரும் ஏசக் கூடாது.”

“நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். நீ இத்தாவுல இருக்க, நாலு மாசம் பத்து நாள் வீட்டைத் தாண்டக் கூடாது. பிள்ளை யார்கூடப் போவா?”

“காலேஜ்ல ஆட்டம் சொல்லிக் குடுக்குற ஜெனோ டீச்சர்கூட. போன் போட்டுச் சொல்லியாச்சு.”

“விண்ட மட்டைய வச்சுக்கிட்டா?”

விண்டிருந்தால்? அந்த மனுசன் நின்று நின்று இழுத்த மூச்சத்தனையும் வீணா? புறவாசல் பக்கம் நடந்தாள்.

“இத்தாவுல வெளிய போகக் கூடாதுட்டி!” என்றாள் ஹைருன் பீவி.

“வீட்ட விட்டுத்தான் போகக் கூடாது. புறவாசல் என்ன ஆலங்குளத்துலயா இருக்கு?”

கொட்டகைத் தரை இன்னும் ஈரமாக இருந்தது. சோப்பும் கற்பூரமும் கலந்து மணத்தது. ஸ்டூலில் ஏறி முடிச்சை அவிழ்த்தாள். பந்து பழைய உயரத்துக்கு இறங்கி ஆடியது. மைதீன் பிச்சை நிலையோரம் சாத்தி வைத்துப் போன மட்டையை எடுத்தாள். இத்தனை மாசத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. கறுப்பு மினுக்கில் மயிரிழையாக ஒரு வரி ஓடியது. பூச்சு மட்டும் போயிருக்கிறதா, உள்ளேயே விண்டிருக்கிறதா, கண்ணுக்கு என்ன தெரியும்? அவள் காதைத்தான் நம்பினாள்.

தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அடித்தாள்.

டொங்.

விண்ட மட்டையின் சிலும்பலில்லை, உதறலில்லை. கொட்டகை முழுக்க அதே சத்தம்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. “அத்தா!” என்று தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்த சஃப்ரின், நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

நூருன்னிசா மகளைப் பார்க்கவில்லை. பந்தின் ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மட்டையைக் கையில் லேசாகத் திருப்பினாள்.