காயாத கறுப்பு

பெட்டி பவுல்சாமியின் தோளில் படவே இல்லை.

முன்பக்கம் வலது புறம் அவர், இடது புறம் தங்கவேல். தங்கவேல் பனைமரத்துக்கு ஒரு முழம் குறைவு. பவுல்சாமி வாத்தியாரோ கரும்பலகையில் மேல்வரி எழுத நாற்காலி போட்டு ஏறுகிறவர். பின்னால் பிடித்து வந்த உபதேசியார் ராஜநாயகமும் வண்டிக்கார முருகையனும் கடவுள் புண்ணியத்தில் ஒரே உயரம். ஆக, முன்பாரம் மொத்தமும் தங்கவேலின் வெற்றுத் தோளில்தான். பவுல்சாமியின் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. அதில் தன் கையையே நுழைத்து, தூக்குகிற மாதிரி வைத்துக்கொண்டு நடந்தார். பார்க்கிறவர்களுக்காக. பார்க்கத்தான் தெருவில் ஆளில்லை.

பெட்டிக்குள் இருந்தது அவர் தங்கை ஆனி.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகியிருந்தது. சாந்தோமில் வீட்டுக்கு வீடு பூட்டு. மாதா கோயிலில் சவவண்டி இருந்தது. குதிரைக்காரன்தான் குதிரையோடு செங்கல்பட்டுக்குப் போய்விட்டான். மாட்டுவண்டியில் ஏற்றிக் குழிக்கு அனுப்பப் பவுல்சாமி ஒப்பவில்லை, அதனால்தான் தோள். பவுல்சாமி மனைவி மக்களைத் திண்டிவனத்து மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தான் மட்டும் தங்கிவிட்டார். ஊரில் சிலர் இதை வீரம் என்றார்கள். மாமனாரை அறிந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் தங்கவேல் வாசலில் வந்து நின்றபோது அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். இவன் என்றைக்காவது வந்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒன்பது வருஷமாக யோசித்து வைத்திருந்தார். நல்ல வசனங்கள், பெரும்பாலும் குளிக்கும்போது தோன்றியவை. ஏணியே வேண்டாத ஆள் என்று சைதாப்பேட்டையிலிருந்து இவனை வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கூட்டிவந்ததே அவர்தான். சுவர் காய்வதற்குள் ஆனி இவனோடு போய்விட்டாள். அந்த வசனங்களைச் சொல்லும் நாள் வந்துவிட்டது. வாய் நிறையப் பல்பொடி.

"ஆனி போயிட்சு சார்," என்றான் தங்கவேல். "விஷ ஜொரம். டாக்டருங்க ஒருத்தரும் ஊர்ல இல்ல."

பவுல்சாமி பல்பொடியை விழுங்கினார்.

"அவங்கம்மா குழியிலயே படுக்கணும்னு சொல்லிக்கினே இருந்திச்சு. நீங்க சரின்னாத்தான் தோண்டுவாங்களாமே."

"அது எங்க குடும்பக் குழி."

"அதான் சார் கொண்டாந்தேன்."

தெருவில் மாட்டுவண்டி நின்றது. வண்டியில் புதுப்பெட்டி. பவுல்சாமி உள்ளே போனார். திரும்பி வருவதற்கு நேரமாயிற்று. வந்தபோது, பள்ளி விழாக்களுக்கு மட்டும் போடுகிற சாம்பல்நிறக் கோட்டைப் போட்டிருந்தார்.

"அவளுக்காக வரேன். உனக்காக இல்ல."

"எனக்கு எதுக்கு சார் குழி. எங்காளுங்க ஆத்தாண்ட கொளுத்திடுவாங்க."

அவன் கேலி செய்யவில்லை. அது தெரிந்ததால் பவுல்சாமிக்கு இன்னும் எரிச்சல்.

கோயிலில் சாமியார் கேட்க வேண்டியதைக் கேட்டார். ஆனி பூசையில் நற்கருணை நன்மை வாங்கினாளா, கலியாணம் முறைப்படி நடந்ததா? பவுல்சாமி தரையைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"சின்னமலைச் சாமியாரு அப்பவே கலியாணத்த மந்திரிச்சிட்டாருங்க," என்றான் தங்கவேல். "ஞாயித்துக்கெழம தவறாம இட்டுக்கினு போவேன். பூச முடியங்காட்டியும் நான் வெளில குந்திக்கினு இருப்பேன்."

சாமியார் தலையசைத்தார். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பவுல்சாமி கேட்கவில்லை. சத்துருக்களை நேசியுங்கள் என்று வருஷா வருஷம் மூன்றாம் வகுப்புக்கு ஞானோபதேசம் நடத்துகிறவர் அவர். ஒப்பிக்கத் தெரியாத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியும் இருக்கிறார்.

இப்போது கல்லறைக்குப் போகும் பாதி வழியில், சித்திரை வெயிலில், தூக்காத பெட்டிக்குக் கீழே அவருக்கு மூச்சு வாங்கியது.

"சார்," என்றான் தங்கவேல், பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து. முகம் தெரியவில்லை.

"என்ன?"

"நீங்க அதுக்கு அப்பவே ஒரு பூச வெச்சீங்கல்ல?"

ஆனி வீட்டை விட்டுப் போன அந்த மாசமே, செத்தவர்களுக்கு வைக்கிற பூசையைப் பவுல்சாமி அவளுக்கு வைத்தார். பெயர் சொன்னால் சாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று 'ஒரு ஆத்துமத்துக்காக' என்று மட்டும் சொல்லி வைத்த பூசை. ஆத்திரம் தாளாமல் உபதேசியாரிடம் மட்டும் சொன்னார். திரும்பிப் பார்த்தார். ராஜநாயகம் மும்முரமாகச் செபம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'எங்கண்ணனுக்கு எதுலயும் அவசரம்'னு சிரிச்சிச்சு. சாயந்தரம் வரைக்கும் சிரிச்சிக்கினே இருந்திச்சு. அப்பால அடுப்பாண்ட போயி குந்திக்கிச்சு."

கொஞ்ச தூரம் செருப்புச் சத்தமும் ராஜநாயகத்தின் செபமும் மட்டும் கேட்டன.

பிறகு பெட்டி மெல்ல இறங்கி அவர் தோளில் உட்கார்ந்தது.

முதலில் தெரு மேடேறுகிறது என்று நினைத்தார். மேடு இல்லை. ஒரு கணம், சாம்பல் கோட்டுக்குள்ளிருந்த ஞானோபதேச வாத்தியார் இது புதுமையோ, மாதா செய்த அற்புதமோ என்றுகூட நினைத்தார். பின்னாலிருந்து முருகையன் குரல் கொடுத்தான்.

"இன்னா நைனா, முன்னால எறங்குது?"

"ரோடு பள்ளம்டா. நீ வா."

பவுல்சாமி பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ரோடு பள்ளமில்லை. தங்கவேல் இரண்டு முழங்காலையும் மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, வாத்து மாதிரி நடந்து வந்துகொண்டிருந்தான். கெண்டைக்கால் நடுங்கியது.

"ஏம்பா, நிமிந்து நட. காலு போயிடும்."

"பாரம் வருதா சார்?"

பவுல்சாமி தோளைச் சரிசெய்துகொண்டார். அவள் நோயில் இளைத்திருக்க வேண்டும். இருந்தாலும் கனத்தாள்.

"வருது."

"சரி," என்றான் தங்கவேல். கல்லறைத் தோட்டத்துக் கதவு வரைக்கும் அவன் நிமிரவில்லை.

கதவருகே பெட்டியை இறக்கியதும் அவன் வெளியிலேயே நின்றுவிட்டான், ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். பவுல்சாமி கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"அங்க ஏன் நிக்கிற? முதல் மண்ணு நீதானே போடணும்."

அவன் போட்டான். அடுத்தது இவர். குழி மூடி, மற்றவர்கள் எல்லாம் போன பிறகு இருவரும் வெளிச்சுவரோரம் உட்கார்ந்தார்கள். தங்கவேல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தான்.

"ஐய, கோட்டுல கறுப்பு ஒட்டிக்கிச்சே சார். ராத்திரி நான்தான் பூசினேன். காயறதுக்குள்ள தூக்கிக்கினு வர்றாப்ல ஆயிடுச்சு."

சாம்பல் கோட்டின் இடது தோளில் பெட்டி விளிம்பு அழுந்திய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை. தங்கவேல் துண்டை எடுத்துத் துடைக்கக் கையை நீட்டினான். பவுல்சாமி சட்டென்று தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கை அந்தரத்தில் நின்றது.

"இன்னும் காயலப்பா," என்றார் பவுல்சாமி. "தொட்டா போயிடும்."

தங்கவேல் துண்டை மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான், கறுப்பு ஒட்டாத தோளில்.