சுவரில் பூத்த கல்

ராஜகோபாலனைச் சுமந்துகொண்டு நாலு பேர் மாடிப்படி இறங்கும் ஓசை அடங்குவதற்குள், சமையலறையில் அவருடைய தங்கை விஜயலக்ஷ்மி தண்ணீரைக் கொட்டத் தொடங்கிவிட்டாள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக்கூடாது. குடமும் பக்கெட்டும் மண்பானையும் ஒவ்வொன்றாகக் கவிழும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. பாத்திரம் தேய்க்கிற செங்கம்மாளை அவள் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜல்தி செங்கம்மா. அந்த அலமாரியையும் அலம்பி விடு. ஈரமா இருக்கிற எதையும் வெச்சுக்காதே, எல்லாத்தையும் கொட்டு."

கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த காமாக்ஷியின் காதில் அது விழுந்தது. ஈரமாக இருக்கிற எதையும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் இப்போதுதான் வாசலைத் தாண்டியிருக்கிறார். அவள் மனமோ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேடிப் போயிற்று.

அது மண்பானைக்குப் பின்னால், வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் இருக்கும். அடியில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு நீலக் கல். மூடியின் உட்புறம் ஈரப்பஞ்சு. மனிதர் கையில் அந்த வகைக் கல் அது ஒன்றுதான் இருந்தது.

எழுந்து போய்ப் பார்க்க முடியாது. அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் இரண்டு பக்கமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவும் நாக்கு எழவில்லை. புருஷன் போன நாளில் பாட்டிலைக் கேட்கிறாளே என்று நினைப்பார்கள். அதைவிட, கேட்டு, கொட்டியாயிற்று என்று பதில் வந்துவிட்டால்?

ஏழு வருஷம் இருக்கும். ராஜகோபாலன் சர்க்கார் ஆய்வுக்கூடத்தில் கனிமங்களைப் பரிசோதிக்கிறவர். ராஜஸ்தானில் கைவிடப்பட்ட ஒரு செம்புச் சுரங்கத்துக்குப் போயிருந்தார். அங்கே காவலுக்கு இருந்தவர் பெரியண்ணன், சேலத்துக்காரர். அவர் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "மழை பெஞ்சா இந்தச் செவுரு பூக்குதுங்கய்யா" என்றாராம். செம்பும் கந்தகமும் ஈரத்தில் கூடி, உப்பாகச் சுவரில் பூத்திருந்தன. எல்லாருக்கும் தெரிந்த மயில்துத்தமும் அப்படிப்பட்ட சல்பேட்தான். ஆனால் இந்த நீலம் வேறு என்று அவருக்குப் பார்த்ததுமே பட்டுவிட்டது.

காகிதத்தில் மடித்து பஸ்ஸில் கொண்டுவந்தார். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் வீட்டுக்கு வந்து பிரித்தால் வெறும் வெள்ளைப் பொடி. உலர்ந்த காற்றில் கல்லுக்குள்ளிருந்த நீர் போய்விட்டது. சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காமாக்ஷிதான் சொன்னாள்:

"ஐ.என்.ஏ. மார்க்கெட்லேர்ந்து கறிவேப்பிலையையே ஈரத்துணியில சுத்தித்தான் எடுத்துண்டு வரேன். கல்லை மட்டும் ஏன் தாகத்தோட அழைச்சுண்டு வரேள்?"

அவர் சிரிக்கவில்லை. அடுத்த மழைக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் பஞ்சுமாகப் போனார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சந்தியாவந்தனம் முடிந்ததும், பஞ்சபாத்திரத்திலிருந்து உத்தரணி என்கிற சின்னக் கரண்டியால் பஞ்சில் இரண்டு சொட்டு விடுவார். ஒன்று குறைந்தால் கல் பொடியாகிவிடும், ஒன்று கூடினால் சொட்டிக் கரைந்துவிடும் என்பார். ஆபீசிலேயே வைக்கலாமே என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை அதற்கு யார் தண்ணீர் காட்டுவார்கள் என்று திருப்பிக் கேட்பார். அப்பாவுக்குத் தன்னைவிட இந்தத் தங்கச்சிப் பாப்பாமேல்தான் பிரியம் என்று பிள்ளை வைத்தி பாட்டிலைக் காட்டிக் கேலி செய்வான். ஊருக்குப் போனால்கூட அது கூடையில் ஏறிக்கொண்டு வரும். ரயிலில் எதிர் சீட்டுக்காரர்கள் ஏதோ தீர்த்தம் என்று நினைத்துக் கால் மடக்கி உட்கார்ந்ததுண்டு.

புதிய கல் என்று சொன்னால் போதாது. அது இன்னது என்று விவரித்துக் காட்டவேண்டும். எக்ஸ்ரே படத்துக்கு ஒரு சிட்டிகை, ரசாயனப் பரிசோதனைக்கு ஒரு சிட்டிகை என்று, விவரிக்க விவரிக்கக் கல் குறைந்தது. உள்ளங்கை நிறைய இருந்தது நகத்தளவுக்கு வந்தது. அதற்குள் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து அந்தச் சுவரும் இடிந்து போயிற்று.

பெயர் வைக்கவும் முறை உண்டு. கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வதில்லை. உயிரோடிருக்கிற ஒருவர் பெயரை வைப்பதானால் அவருடைய சம்மதம் வேண்டும். மேலதிகாரியின் பெயரை வைத்தால் நல்லது என்று நண்பர்கள் ஜாடை காட்டினார்கள். ராஜகோபாலன் பெரியண்ணனைத் தேடினார். அவர் ஆசிய விளையாட்டுக்கான கட்டட வேலைக்கு மனைவி செங்கம்மாளோடு டெல்லிக்கே வந்திருந்தார். இதே கூடத்தில்தான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"என் பேரை வெச்சா கல்லுக்கு ஒண்ணும் கெடுதி வராதுங்களேய்யா?"

காமாக்ஷி அன்று காபியைத் தனியாக வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். ராஜகோபாலன் உள்ளே போய், அதே போல் இன்னொரு கண்ணாடித் தம்ளரை எடுத்துவந்து, தன் காபியை அதில் ஊற்றிக் குடித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனித் தம்ளர் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து செங்கம்மாள் பாத்திரம் தேய்க்க வந்தாள்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து, புதிய கற்களுக்கு ஒப்புதல் தரும் குழுவின் கடிதம் வந்தது. கல் புதியதுதான், பெயரும் சரி. இனி அதை மியூசியத்தில் சேர்க்கவேண்டும். "கல்லு இருந்தாத்தான் காமு, பேர் நிக்கும்" என்றார். புதன்கிழமை கல்கத்தாவுக்கு டிக்கெட். திங்கட்கிழமை காலை உத்தரணியைக் கையில் எடுத்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. வெளியே மே மாதத்து லூ, ஈரத்தையெல்லாம் உறிஞ்சும் அனல்காற்று. இன்றுதான் அந்தப் புதன்கிழமை.

குளிப்பாட்டி அழைத்துவந்ததும் காமாக்ஷி நேரே சமையலறைக்குப் போனாள். அலமாரி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மண்பானை இருந்த இடத்துக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"ஒரு சொட்டு பாக்கியில்லாம அலம்பியாச்சு மன்னி" என்றாள் விஜயலக்ஷ்மி. மன்னி பார்க்கும் இடத்தைப் பார்த்ததும் அவளுக்கு மெல்ல ஞாபகம் வந்தது. "ஐயோ, அந்தப் பாட்டில். அண்ணாவோடதா? அழுக்குப் பஞ்சுன்னு நினைச்சு நான்தான் மன்னி கொட்டச் சொன்னேன்."

அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று காமாக்ஷிக்குத் தெரியும். நாத்தனாரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு விஜயா. நீ தெரிஞ்சா பண்ணினே? காலையிலேர்ந்து நின்னுண்டே இருக்கே. செத்த உக்காரு."

பின்கட்டு பால்கனிக் கதவோரம் செங்கம்மாள் நின்றிருந்தாள். உள்ளே வரத் தயங்கினாள். கையில், தலைக்குச் சும்மாடு சுற்றும் துணி நனைத்துச் சுருட்டியிருந்தது. அதைப் பிரித்தாள்.

பாட்டிலுக்குள் நீலம் அப்படியே இருந்தது.

"கொட்டச் சொன்னாங்க. எனக்குக் கை வரலைங்கம்மா" என்றாள். "வாயில்லாததுக்கு அய்யா தினம் தண்ணி காட்டுவாரு. அதைப் போயி எப்படிங்க."

"ரெண்டு நாளா யாருமே பார்க்கலியே, செங்கம்மா."

"சாவி எங்கிட்டதானுங்களே இருந்துச்சு. பாத்திரம் தேய்க்க வந்தப்ப நான்தான் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டனுங்க." தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "சாமிக் கிண்ணத்தைத் தொடலைங்க. விரல்லதான் விட்டேன்."

"தொட்டிருந்தா என்ன?" என்றாள் காமாக்ஷி. விஜயலக்ஷ்மி எழுந்து வந்து, பாட்டிலைச் செங்கம்மாள் கையிலிருந்து இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

மறுநாள் காலை வைத்தி அஸ்தி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். கீழே பெரியண்ணன் காத்திருந்தார். நேற்று மாடிப்படியில் தோள் கொடுத்த நாலு பேரில் அவரும் ஒருவர். வைத்தி செருப்பை மாட்டியபடி, பதிமூன்று நாள் கழிந்ததும் தானே கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்னான். அதுவரை தான் பார்த்துக்கொள்வதாகக் காமாக்ஷி சொன்னாள்.

அவன் போனபின் மூடியைத் திறந்தாள். அலமாரியில் பஞ்சபாத்திரம் கவிழ்ந்திருந்தது. குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து விரலை நனைத்தாள். பஞ்சில் ஒரு சொட்டு விட்டாள். இன்னொன்று விட்டாள். மூன்றாவது, விரல் நுனியில் திரண்டு நின்றது. அதை விழவிடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.